காய்ச்சல் போயிற்று, களைப்புப் போகவில்லை

காய்ச்சல் தணிந்து, நோயாளி கஞ்சியை விட்டுச் சோறு உண்ணத் தொடங்கியதும், நோய் அகன்றதென்றே நாம் கொள்கிறோம். ஆயினும் சிலருக்கு அதன் பின்னரும் மாதக்கணக்கில் சோர்வு, மூட்டுவலி, உறக்கமின்மை, மறதி, மனத்தளர்ச்சி ஆகியன தொடர்கின்றன. பிறர் அதனைச் சோம்பல் என்று எண்ணிவிடுகின்றனர்.

இவ்வின்னல் இன்று தோன்றியதன்று. 1889இல் தொடங்கி உலகைச் சுற்றிய இன்புளுவன்சாவுக்குப் பின் பலர் மனவாட்டத்துக்கு ஆளானதை ஐரோப்பிய வைத்தியர்கள் குறித்துவைத்தனர். 1952இல் தங்கனீக்காவில் கண்டறியப்பட்ட சிக்குன்குனியா, நோவினால் உடல் வளைதலைக் குறிக்கும் ஆபிரிக்க மொழிச் சொல்லால் பெயர் பெற்றது. 2006இன் இறுதியில் அது இலங்கையில் பரவியபோது, காய்ச்சல் விட்டும் மூட்டுவலி விடாதோர் பலராயினர். கொவிட் நோயின் பின்விளைவுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இலக்கணம் வகுத்தது: நோய் கண்ட மூன்று மாதங்களின் பின்னும் காணப்பட்டு, இரண்டு மாதங்களேனும் நீடித்து, வேறு காரணத்தால் விளக்க இயலாதனவே அவை.

பூனாகலை போன்ற ஊவா மலைத்தோட்டங்களில் இதன் சுமை பெரிது. செங்குத்தான மலையில் ஏறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நிறை குறைந்தால் அரைப்பேர்தான். ஆகவே காய்ச்சல் விட்ட மறுநாளே அவள் மலைக்குச் செல்கிறாள். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன.

இங்கே ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். இத்தகையோர் சிலருக்கு அளவுமீறிய உழைப்பு அன்றே தன் விளைவைக் காட்டாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவர்களைப் படுக்கையில் வீழ்த்தும். எனவே, சிறிது வேலை, சிறிது ஓய்வு என வகுத்துக்கொண்டு, உடல் இடங்கொடுக்கும் அளவிலேயே உழைத்தல் நலம்.

சோர்வு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுக. இரத்தச்சோகை, நீரிழிவு, தைரொயிட் குறைபாடு ஆகியனவும் இவ்வாறே களைப்பைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் தாமதம் கூடாது. வாழ்வில் வெறுப்புற்றுப் பேசுவோரைத் தனியே விடலாகாது. 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

வீட்டார் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் கணவனும் வளர்ந்த பிள்ளைகளும் சில காலம் சுமக்கட்டும். "இன்னுமா களைப்பு?" என்னும் ஏளனச் சொல்லை விடுத்து, "இன்று எப்படி இருக்கிறது?" என்று பரிவுடன் கேட்போமாக. தேறுதலுக்கு அதுவும் துணையாகும்.