256 நிறங்களின் ஜனநாயகம்

கோப்பு வடிவம் என்பது கம்ப்யூட்டர்காரர்களின் விவகாரம் என்பதான நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. அசையும் சிறுபடத்தில் என்னய்யா அரசியல் இருக்கு என்றும் கேட்கலாம். எது தெரிய வேண்டும், எது தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்கிற முடிவு அந்த வடிவத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க எத்தனை பிட் ஒதுக்குகிறோம் என்பதே நிற ஆழம். ஒரு பிட் என்றால் இரண்டே நிறம். 8 பிட் என்றால் 256. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 வீதம் 24 பிட் கொடுத்தால் 1,67,77,216. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஜிஃப் வடிவம் 8 பிட்டோடு நின்றுகொண்டது. எந்த நிறத்தையும் எடுக்கலாம். ஆனால் ஒரு பட்டியலில் 256 இடம்தான்.

சரி, இந்த 256ஐப் பொறுக்குவது எப்படி? பால் ஹெக்பர்ட் 1982இல் எழுதிய கட்டுரை இரண்டு வழிகளை விவரிக்கிறது. அதிகப் புள்ளிகள் வைத்திருக்கும் நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்வது ஒன்று. படம் முழுக்க நீல வானம், ஓரத்தில் சின்னதாய் ஒரு சிவப்புக் கொடி என்று வைத்துக்கொள்வோம். நீலத்தின் சாயல்களெல்லாம் உள்ளே வந்துவிடும். சிவப்புக்குத் தலை எண்ணிக்கை போதாது. பட்டியலில் அதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற ஏதோ ஒன்றில் கரைத்துவிடுவார்கள். மற்றது, தொகுதி பிரிப்பது மாதிரி நிறவெளியைப் பெட்டிகளாக வெட்டி, பெட்டிக்கு ஒரு பிரதிநிதி என்று வைப்பது. சிறுபான்மை நிறத்துக்கு இதில் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். எனினும் வெட்டுக்கோடு விழுவது புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான்.

படம் அசையும்போது சிக்கல் கூடுகிறது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் தனிப் பட்டியல் வைக்க ஜிஃப் அனுமதிக்கிறது. ஆனால் பட்டியலுக்கு 768 பைட் கூடும். சட்டகத்துக்குச் சட்டகம் நிறம் மாறித் துடிக்கவும் செய்யும். எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் என்றால், ஒரு கணம் மட்டும் தோன்றி மறையும் நிறம் அடிபட்டுப் போகும்.

இன்னொரு பக்கம் சொத்துரிமை. ஜிஃப் பயன்படுத்திய சுருக்கல் முறைக்கு 1985இலேயே அமெரிக்கக் காப்புரிமை இருந்தது. அது யுனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஊரெல்லாம் பழகிய பிறகு, 1994 இறுதியில், மென்பொருள் எழுதுவோர் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1996இன் பிஎன்ஜி. யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை, முழு நிறமும் உண்டு, ஆனால் அசையாது. அதை அசையவைத்த ஏபிஎன்ஜியை 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றது. பிஎன்ஜியின் தரவரையறைக்குள் அது முறையாக இடம்பிடிக்க 2025 ஆயிற்று. அமெரிக்கக் காப்புரிமையோ 2003இலேயே காலாவதியாகிவிட்டது.

நமது கூட்டங்களையும் ஊர்வலங்களையும் படமாக்கிச் சேமிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுக்கு விட ஜிஃப் போதும். மூலத்தை 24 பிட்டில் தனியே வையுங்கள். ஒருமுறை 256க்குள் அடைத்துவிட்டால், கரைந்துபோன சிவப்பை அந்தக் கோப்பிலிருந்து யாராலும் மீட்க முடியாது.