மண்ணும் புள்ளியும்: ரஞ்சிக் கோப்பையின் இரண்டு கணக்குகள்

இந்தியாவின் முதல்தர உள்நாட்டுத் தொடரான ரஞ்சிக் கோப்பையில் ஓர் அணி பெறும் வெற்றியை அதன் வீரர்களின் திறமையை மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது. பந்து விழும் 22 கஜ மண்ணை யார் தயார் செய்கிறார்கள், எதற்கு எத்தனை புள்ளி தரப்படுகிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு. இவ்விரண்டும் தனித்தனிச் சிக்கல்களாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால், சொந்த மைதானத்தில் எத்தகைய ஆடுகளம் வேண்டும் என்று உள்ளூர் அணி முடிவெடுப்பதே புள்ளிப் பட்டியலைப் பார்த்துத்தான் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்வது கடினம்.

புள்ளி விதி சொல்வது என்ன?

நான்கு நாள் நடைபெறும் லீக் ஆட்டம் ஒன்றில் முழு வெற்றிக்கு 6 புள்ளிகளும், இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ 10 விக்கெட் வித்தியாசத்திலோ வென்றால் போனஸ் புள்ளி ஒன்று சேர்ந்து 7 புள்ளிகளும் கிடைக்கின்றன. ஆட்டம் டிராவானால், முதல் இன்னிங்ஸில் கூடுதல் ரன் எடுத்த அணிக்கு 3, பின்தங்கிய அணிக்கு 1. முதல் இன்னிங்ஸே முடியாமல் போனால் இரு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி. தோற்ற அணிக்கு எதுவும் இல்லை.

எலைட் எனப்படும் மேல்நிலைப் பிரிவில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 7 ஆட்டங்கள் என்பதை இந்த விதியோடு பொருத்திப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். ஏழு ஆட்டங்களையும் டிரா செய்து, ஏழிலும் முன்னிலை மட்டும் பெறும் அணி 21 புள்ளிகளை எட்ட, போனஸ் இல்லாமல் மூன்றில் வென்று நான்கில் தோற்கும் அணி 18 புள்ளிகளோடு அதற்குப் பின்னால் நிற்கும். முன்னிலை பெற்ற அணி டிக்ளேர் செய்து, அதாவது தன் இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டு வெற்றியைத் தேடினால், அதற்கு வரக்கூடிய கூடுதல் லாபமும் 3 புள்ளிதான், கையை விட்டுப் போகக்கூடியதும் அதே 3 புள்ளிதான். பின்தங்கிய அணிக்கோ 1 புள்ளியைப் பணயம் வைத்தால் 6 கிடைக்கும். ஆயினும் ஆட்டத்தை நீட்டுவதும் திறந்துவிடுவதும் முன்னிலை பெற்றவரின் கையில் இருப்பதால், கடைசி நாள் மாலைகள் பலவும் விறுவிறுப்பின்றிக் கழிகின்றன.

ஆடுகளம் எப்படி உருவாகிறது?

இந்தக் கணக்கு ஆடுகளப் பராமரிப்பாளரின் வேலையிலும் எதிரொலிக்கிறது. புல்லை ஒட்ட வெட்டி, கனமான ரோலரால் மண்ணை இறுக்கினால், பந்து சீராக எழும்பி மட்டைவீச்சுக்கு வசதியான களம் அமையும். புல்லையும் ஈரத்தையும் விட்டுவைத்தால் முதல் நாள் காலையில் வேகப்பந்து தரையில் பட்டுத் திசைமாறும். தண்ணீர் ஊற்றுவதை முன்கூட்டியே நிறுத்திக் காயவிட்டால் மேற்பரப்பு வெடித்து, பொடிந்து, சுழற்பந்து திரும்பும். மட்டைவீச்சில் வலுவான அணிக்கு முன்னிலையின் 3 புள்ளியே போதும் என்றால் அது முதல் வகையை விரும்பும். இருபது விக்கெட்டையும் வீழ்த்தவல்ல பந்துவீச்சாளர்களைக் கொண்ட அணியோ 6, 7 புள்ளிகளைக் குறிவைத்து மற்ற இரண்டில் ஒன்றை நாடும்.

இதன் விளைவைத் தமிழ்நாடு அணி 2024-இல் ஏறத்தாழ பத்து நாள் இடைவெளியில் இருமுறை கண்டது. பிப்ரவரியில் கோவையில் நடந்த காலிறுதியில், நடப்புச் சாம்பியனான சௌராஷ்டிராவை 183, 122 ரன்களில் சுருட்டி இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வித்தியாசத்தில் வென்றது; இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரும் தலைவருமான சாய் கிஷோர் 9 விக்கெட் எடுத்தார். மார்ச் தொடக்கத்தில் மும்பையின் புல் நிறைந்த களத்தில் டாஸ் வென்று முதலில் மட்டைபிடித்த அதே அணி 146, 162 ரன்களில் சுருண்டு, அரையிறுதியை இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் வித்தியாசத்தில் இழந்தது. எனினும் அங்கும் சாய் கிஷோர் 6 விக்கெட் வீழ்த்தினார் என்பதையும், 7 விக்கெட்டுக்கு 106 என்று தடுமாறிய மும்பையை ஷர்துல் தாக்குரின் 109 ரன் மீட்டது என்பதையும் பார்க்கையில், ஆடுகளம் திறமையை அழித்துவிடுவதில்லை, அதன் விலையை ஏற்றி இறக்குகிறது என்றே கொள்ள வேண்டும்.

நடுநிலை மைதானச் சோதனை

உள்ளூர்ச் சாதகத்தை நீக்கும் நோக்கில், இரு அணிகளுக்கும் சொந்தமல்லாத மைதானங்களிலேயே 2016-17 பருவத்தின் ஆட்டங்கள் அனைத்தும் நடத்தப்பட்டன. களத்தைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு இதனால் மறைந்ததே தவிர, முன்னிலையின் மீதான மோகம் மறையவில்லை. மும்பை வான்கடேயில் டெல்லிக்கு எதிராக ஸ்வப்னில் குகலேவும் அங்கித் பாவ்னேவும் பிரியாமல் 594 ரன் சேர்க்க, மகாராஷ்டிரா 2 விக்கெட்டுக்கு 635 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. ரிஷப் பந்தின் 308 ரன்னோடு டெல்லி 590 வரை வந்தும், ஆட்டம் டிராவாகி மகாராஷ்டிராவே 3 புள்ளிகளைப் பெற்றது. அடுத்த பருவத்திலேயே சொந்த மைதான முறை திரும்பியது.

நாக்அவுட்டில் கூடும் கனம்

ஒரு தோல்வியோடு வெளியேற நேரும் நாக்அவுட் சுற்றில் புள்ளிகள் இல்லை. ஆட்டம் டிராவானால் முதல் இன்னிங்ஸ் முன்னிலையே வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது. 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ராஜஸ்தான் முதலில் 621 ரன் குவித்து, 295-இல் தமிழ்நாட்டை நிறுத்தியபோது, கோப்பை யாருக்கு என்பது அப்போதே முடிந்துவிட்டது. சொந்த மண்ணும் உதவவில்லை.

இவ்விதியின் கூர்மையை 2024-25 பருவத்தின் கேரளா அணி முழுமையாக வெளிப்படுத்தியது. காலிறுதியில் ஜம்மு-காஷ்மீரின் 280 ரன்னை 281 எடுத்து ஒரே ரன்னில் தாண்டிய அது, அகமதாபாத் அரையிறுதியில் 187 ஓவர் நின்று 457 ரன் எடுத்தது. குஜராத்தின் கடைசி ஜோடி முன்னிலைக்கு மூன்றே ரன் தேவைப்பட்ட நிலையில் நின்றபோது, நாக்வஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில், அதாவது மட்டையாளருக்கு மிக அருகே நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எழும்பி, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபியின் கைகளில் விழுந்தது. இரண்டு ரன் முன்னிலையோடு கேரளா முதன்முறையாக இறுதிக்குள் நுழைந்தது.

மாற்று வழிகள்

இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப் 2016 முதல் 2019 வரை, வருகை அணி விரும்பினால் டாஸ் இன்றியே முதலில் பந்துவீசலாம் என்று வைத்திருந்தது. ஒருதலையான களத்தை அமைக்கும் உள்ளூர் அணியே அதில் முதலில் சிக்கும் என்பது இதன் நோக்கம். அங்கு முழு வெற்றிக்கு 16 புள்ளிகளோடு மட்டைவீச்சுக்கும் பந்துவீச்சுக்கும் தனித்தனிப் போனஸ் புள்ளிகளும் உண்டு என்பதால், முன்னிலை என்னும் ஒற்றைக் கோட்டின் மீது எல்லாம் சுமத்தப்படுவதில்லை.

ரஞ்சியிலோ அந்த ஒற்றைக் கோடே தீர்ப்பளித்தது. கேரளா முதன்முறையாக நுழைந்த, நாக்பூரில் நடந்த 2025 இறுதியாட்டத்தில், காலிறுதியையும் அரையிறுதியையும் அதே சொந்த மைதானத்தில் வென்று வந்திருந்த விதர்பாவின் 379 ரன்னுக்கு எதிராகக் கேரளா 342-இல் நின்றது. ஆட்டம் டிராவாக, கோப்பை விதர்பாவுக்குச் சென்றது. அப்பருவம் முழுவதும் கேரளா ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. நாக்அவுட்டின் மூன்று ஆட்டங்களில் ஒன்றில்கூட முழு வெற்றி பெறவுமில்லை. மூன்று ரன் அதை இறுதிவரை கொண்டுசேர்த்தது. முப்பத்தேழு ரன் அங்கேயே நிறுத்தியது.