பெங்களூரில் வாடகை வீடு பிடிக்கும் முன்

மாற்றலாகி வரும் நம்மவர்களைத் திகைக்க வைப்பது வாடகையல்ல, அட்வான்ஸ். 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுநாள் வழக்கம். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம் போதும் என்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும்.

ஒப்பந்தம் ஏன் 11 மாதத்துக்கு? ஓராண்டுக்கு மேற்பட்டால் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும், செலவு.

காலி செய்கையில் பெயிண்டுக்கென ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். அல்சூர் வீட்டுக்கு நானே பெயிண்ட் அடித்துக் கொடுத்தும் பிடித்தார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறேன். ரயில்வே டெண்டர்களை வரிவரியாகப் படித்தவன் நான்!

தண்ணீரையும் விசாரியுங்கள். காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. பல பகுதிகளில் தினமும் வராது. சம்ப் எத்தனை லிட்டர், போர்வெல் உண்டா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள், ரசீதும் வாங்குங்கள்.