தரையில் ஓடும் பாய்ப்படகு

தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது என்பது இடனறிதலுக்கு வள்ளுவர் காட்டிய உவமை. ஆனால் இன்று ஒருவர் மட்டும் செலுத்தும் சிறு பாய்ப்படகு, நீரைத் தொடுமுன் தரையில் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கிறது. அந்தத் தரைப் பயணத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

சித்தூர் மாவட்டத்திற்குக் கடல் கிடையாது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூரைச் சேர்ந்திருந்த சூலூர்ப்பேட்டை, தடா முதலிய பகுதிகள் அதனுடன் இணைந்தன. பழவேற்காட்டு ஏரியும் அதன் வழியே நமக்கு அண்டை வீடாயிற்று. அடுத்த ஆண்டு ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், நமக்குப் பக்கத்து ஊராகிய வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் பாய்ப்படகில் வெண்கலப் பதக்கம் வென்றார். அன்று முதல் நம் சங்க நண்பர்கள் சிலர், "நாமும் ஒரு படகைக் கொண்டுபோய் இறக்கிப் பார்த்தால் என்ன?" என்று கேட்டு வருகின்றனர். படகு செலுத்தும் கலையைச் சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் படகுக் கழகம் போன்ற இடங்களில் ஆசிரியரிடம் கற்கலாம். படகைக் கொண்டுபோய் இறக்கும் வேலைக்கோ, நாம் படித்த பௌதிகமே பெருமளவு போதும்.

விஷ்ணு சரவணன் செலுத்திய படகு லேசர் வகையைச் சேர்ந்தது. நீளம் 4.23 மீட்டர், உடலின் எடை சுமார் 59 கிலோ, பாயின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர். 1969இல் புரூஸ் கெர்பி இதன் வடிவத்தை வரைந்தபோதே, கார்க் கூரையின் மேல் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம். எனினும் நம்மூரில் இதனைச் சிறு இழுவை வண்டியில் வைத்துக் காரின் பின்னால் கட்டி இழுப்பதே வசதி.

இங்கே முதற் பாடத்தை மாட்டுவண்டிக்காரரிடம் கேட்கலாம். பிழைப்புக்காக நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து சித்தூருக்கு வந்தது எங்கள் குடும்பம். வண்டியில் மூட்டை ஏற்றும்போதெல்லாம் "முன்பாரமா, பின்பாரமா?" என்று கேட்பார் என் தாத்தா. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு சுமை தாங்காமல் தலைகுனியும். வண்டி ஒரு நெம்புகோல், அச்சு அதன் தாங்குபுள்ளி, அவ்வளவே. இழுவை வண்டிக்கும் இதே விதிதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய பாரம் காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். படகும் வண்டியும் சேர்ந்து 200 கிலோ என்றால், கொக்கியில் 20 கிலோ. ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னே போய்விட்டால் வண்டி நாயின் வாலைப் போல ஆடத் தொடங்கும். மெதுவாகப் போகையில் அந்த ஆட்டம் தானாக அடங்கும். வேகம் ஓரளவைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அப்போது பிரேக்கை மிதித்தல் தவறு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

கரைக்குச் சென்றதும் பாய்மரத்தை நிறுத்த வேண்டும். லேசர் படகில் மரத்தைத் தாங்கும் கம்பிகள் இல்லை. பாயின் ஓரத்தில் தைத்திருக்கும் நீண்ட உறைக்குள் மரத்தைச் செருகி, ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்தை அப்படியே நிமிர்த்திப் படகின் குழியில் இறக்குவார்கள். படகின் அணியம் காற்றை நோக்கி இருந்தால் பாய் கொடியைப் போலப் படபடக்கும். அமரம் காற்றை நோக்கி இருந்தாலோ, பாய் தரையிலேயே காற்றை வாங்கி ஆளையும் படகையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

ஆனால் காற்றைவிடக் கொடியது ஒன்று தலைக்கு மேலே உண்டு. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாவின்போது தேர் மின்கம்பியில் பட்டுப் பதினொருவர் மாண்டனர். தேர் வரும் தெருவிலாவது மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் உண்டு. படகுக்காக யார் நிறுத்துவார்? பாய்மரம் அலுமினியம், புதியவற்றில் மேற்பாதி கார்பன் இழை. இரண்டுமே மின்கடத்திகள். நம் ஏரிக்கரைகளில் வயல் மோட்டார்களுக்காக 11,000 வோல்ட் கம்பிகள் போகின்றன. அக்கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவக்கூடும். ஆகவே மரத்தை நிமிர்த்துமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். நிமிர்த்தும் இடத்தில் மட்டுமன்று, அங்கிருந்து தண்ணீர் வரை தள்ளிச் செல்லும் வழி முழுவதும் பார்க்க வேண்டும்.

படகு வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது, வண்டி இடப்புறம் போக ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்ப வேண்டும். ஆனி மாதத்தில் சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் சற்று நின்றால், தோத்தாபுரிக் காய் ஏற்றிய டிராக்டர்க்காரர்கள் இதனை எவ்வளவு எளிதாகச் செய்கிறார்கள் என்பதைக் காணலாம். எழுத்தில் படித்து வரும் வித்தை அன்று இது.

நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தை உடனே நீரில் இறக்கலாகாது. ஓட்டத்தில் சூடேறிய பேரிங் உறைக்குள் காற்று விரிந்து, சிறிது வெளியேறியிருக்கும். குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்ளே எஞ்சிய காற்று சுருங்கும், அழுத்தம் குறையும், வெளியிலுள்ள உப்புநீர் உள்ளே உறிஞ்சப்படும். சில வாரம் கழித்து நடுவழியில் சக்கரம் இறுகி நிற்பதற்கு அந்த உப்புநீரே காரணமாகலாம். அரைமணி நேரம் ஆறவிடலாம். அல்லது படகை ஒரு கைவண்டிக்கு மாற்றி, அதை மட்டும் நீரில் இறக்கலாம். லேசர்க்காரர்கள் பெரும்பாலும் செய்வது பின்னதையே. இறக்குமுன் படகின் பின்புற வடிகால் துளையில் தக்கை இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது நலம்.

பழவேற்காட்டு ஏரி பறவைகள் சரணாலயம். வனத்துறையைக் கேளாமல் அங்கே இறங்கக் கூடாது. பூநாரைகள் வரும் பனிக்காலத்தில் அவ்வெண்ணமே வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் ஏரி ஆழமற்றது. நடுப்பலகையை முழுவதும் இறக்கினால் சேற்றில் நட்டுக்கொள்ளும். சூலூர்ப்பேட்டைப் பக்கம் ஏரியின் மேற்குக் கரை. கோடைக் காற்று வீசும் காலையில் அங்கிருந்து புறப்படுவது மிக எளிது. தொடக்கக்காரன் திரும்பி வருவதுதான் பெரும்பாடு. பிற்பகலில் கடலிலிருந்து கொண்டல் எழுந்தபின் புறப்பட்டால், கரையை விட்டு நகரவே அரும்பாடு படவேண்டும்; ஆனால் கயிறு அறுந்தாலும் சுக்கான் உடைந்தாலும் காற்றே நம்மைக் கொண்டுவந்து வண்டியருகே சேர்த்துவிடும்.