வக்காலத்துக்கு அப்பால்

கட்சிக்காரர் தமக்காக வாதாடும் உரிமையை வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுக்கும் தாள் வக்காலத்து. வழக்கறிஞர் நலநிதி வில்லை ஒட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார்கள். கட்சிக்காரர் சிறையில் இருந்தால் சிறை அதிகாரி சான்றொப்பம் இடுவார். தாளில் இருப்பது இருவர் பெயர்தான். ஆனால், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகள் நீதிமன்றம், கட்சிக்காரர், எதிர்த்தரப்பு, சக வழக்கறிஞர் என நால்வருக்கும் வழக்கறிஞர் பொறுப்பு என்கின்றன.

உரிய கட்டணம் கிடைத்தால், தாம் தொழில் செய்யும் நீதிமன்றத்தில் வரும் வழக்கை ஏற்க வேண்டும் என்பது ஒரு விதி. தக்க காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். ஊரே வெறுக்கும் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது இந்த விதிக்குச் சோதனை வருகிறது. குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக யாரும் ஆஜராவதில்லை என்று கோவை வழக்கறிஞர் சங்கம் ஒருமுறை தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கைதானவர் தம் விருப்பப்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது உறுப்பு தருகிறது. வாதாட ஆளே வராவிட்டால் அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

கட்டணம் தர வழியில்லாதவர் நிலை இன்னும் கடினம். 1976இல் சேர்க்கப்பட்ட 39ஏ உறுப்பு இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. பீகார் சிறைகளில், தம்மீதான குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகள் அடைபட்டுக் கிடந்ததை நாளிதழில் கண்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி வழக்குத் தொடர்ந்தார். இதுவே 1979இன் ஹுசைனாரா கத்தூன் வழக்கு. 1986இல் சுக் தாஸ் வழக்கில், வழக்கறிஞர் இன்றி விதிக்கப்பட்ட தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 'அவர் உதவி கேட்கவில்லையே' என்ற வாதம் எடுபடவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

1987இல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். இத்தகைய இலவச சட்ட உதவி வழக்குகளில் வழக்கறிஞர்களுக்குத் தரப்படும் கட்டணம் குறைவு. ஜூனியர்களுக்கோ தொடக்க ஆண்டுகளில் வருமானமே நிச்சயமில்லை. அதனால் இந்த வேலையில் அக்கறை குறையும் ஆபத்து எப்போதும் உண்டு.

வழக்கறிஞர்களின் நீதிமன்றப் புறக்கணிப்பு மற்றொரு சிக்கல். வாய்தாவுக்காக அன்றைய கூலியை விட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். வழக்கறிஞருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் புறக்கணிப்புகள் ஓயவில்லை. புதிய சிக்கல் செயற்கை நுண்ணறிவால் வந்தது: சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

தவறு செய்யும் வழக்கறிஞர்மீது மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஓராண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். விசாரிப்பவர்களும் வழக்கறிஞர்களே. தொழிலைத் தாங்களே நெறிப்படுத்தும் இந்தச் சுதந்திரம் நிலைப்பது, புகார் கொடுத்தவருக்குக் காலத்தில் பதில் கிடைப்பதைப் பொறுத்தது.