தண்ணீர் புகாத ஜாயிண்ட்

எரியோட்டுப் பக்கம் போர்வெல்லில் மோட்டார் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஒயரையும் கேபிளையும் முறுக்கி, ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுவார் மெக்கானிக். அந்த ஜாயிண்டில் நீர் புகுந்தால் குழாய், கயிறு, மோட்டார் அத்தனையையும் மறுபடி மேலே ஏற்ற வேண்டியதுதான்.

கடலுக்கடியிலும் இதே கவலைதான். சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கேபிள் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளம். 2020 ஆகஸ்ட் 10இல் பயன்பாட்டுக்கு வந்தது. நம் போர்வெல்லில் 300 அடி தண்ணீர் நின்றால் அழுத்தம் 9 மடங்கு காற்றழுத்தம். மூவாயிரம் மீட்டர் கடலுக்கடியில் அது 300 மடங்கு.

இத்தகைய கேபிளின் நடுவே 125 மைக்ரான் தடிமனில் கண்ணாடி இழைகள். அவற்றைச் சுற்றிச் செம்பு, அதன்மேல் பாலிதீன் உறை. வழியில் ஒளியை வலுவூட்டும் ரிப்பீட்டர்களுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அந்தச் செம்பு வழியேதான் போகிறது. உறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் மின்சாரம் கடலுக்குள் இறங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்திக் கேபிளுக்கு மலாயாக் காட்டுமரப் பாலிலிருந்து எடுத்த கட்டாபெர்ச்சாதான் உறை. அதை ஸ்பிரிட் விளக்கில் இளக்கி, விரலால் பிசைந்து மூட்டு போட்டார்கள். கைப்பக்குவம் எவ்வளவு கூடியிருந்தாலும் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி கண்ணுக்குத் தெரியாது.

இன்று பழுதுபார்க்கும் கப்பலில், அலையில் ஆடிக்கொண்டே, இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. கேமராவால் பார்த்து இரு இழைகளையும் நேர்க்கோட்டில் நிறுத்தி, மின்வில்லில் உருக்கி ஒட்டுகிறது. பிறகு மூட்டை அச்சுக்குள் வைத்து உருகிய பாலிதீனைச் செலுத்துகிறார்கள். சூடு குறைந்தால் புது உறை பழைய உறையோடு உருகிச் சேராது. கூடினால் பழையதே உருக்குலையும். ஆறும்போது பாலிதீன் சுருங்கும், உள்ளே வெற்றிடம் விழும். அதனால் ஆறி முடியும்வரை அழுத்தத்தைத் தளர்த்தாமல் பிடித்திருக்க வேண்டும். களைப்பில்லாத இயந்திரம் இந்த இடத்தில்தான் மனிதக் கையை வெல்கிறது. பிறகு எக்ஸ்ரே எடுத்து, குமிழியோ தூசியோ தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். ஆனாலும் இழையைச் சீவித் துடைப்பதிலும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதிலும் தேர்ந்த ஆட்கள் இன்றும் வேண்டும்.

சோதிக்காத ஜாயிண்டைக் கடலில் இறக்குவதில்லை. நம் தோட்டத்திலும் அப்படியே செய்யலாம். சுற்றிய ஜாயிண்டை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகு மோட்டாரை இறக்குங்கள்.