புதிய ரயர் வாங்குமுன் பழைய ரயரைப் பாருங்கள்

லான்ட்மாஸ்டருக்கோ அதன் பெட்டிக்கோ புதிய ரயர் போடவேண்டி வந்தால், கடையில் நாம் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, "எவ்வளவு காலம் ஓடும்?" என்பது. இந்த இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரரால் சரியான பதில் சொல்ல முடியாது. அதற்கான பதில் நாம் கழற்றி எறியப்போகும் பழைய ரயரிலேயே இருக்கின்றது. அதைப் பார்க்காமல் புதியதை வாங்கினால், பழையது எதனால் அழிந்ததோ அதனாலேயே புதியதும் அழியும்.

சொந்த ஊரில் இருந்தபோது பலருக்கு வயல் வீட்டுக்குக் கிட்ட இருந்தது. இடம்பெயர்ந்த பின்னர் நிலைமை அப்படியல்ல. இருப்பது உறவினர் வீட்டில் அல்லது வாடகைக் காணியில். குத்தகைக்குச் செய்யும் வயல் பல மைலுக்கு அப்பால். கூலிக்கு உழப் போவது இன்னொரு கிராமத்தில். எனவே, உழுவதற்கென வாங்கிய இயந்திரம் உழும் நேரத்தைவிட வீதியில் ஓடும் நேரமே கூடுதலாகிவிட்டது. ரயரின் செலவு கூடியதற்கு முதற் காரணம் இதுவே என்பது எமது கருத்து.

லான்ட்மாஸ்டரின் ரயரில் உள்ள உயர்ந்த பற்கள் சேற்றுக்காகச் செய்யப்பட்டவை. வயலில் பல் மண்ணுக்குள் புதைகின்றது. பாரத்தைப் பல்லும் பள்ளமும் சேர்ந்து தாங்குகின்றன. தார் வீதியில் பல்லின் நுனி மாத்திரமே தரையைத் தொடுகின்றது. முழுப் பாரமும் அதன்மேல் விழ, பல் வளைகின்றது. தரையை விடும்போது வழுக்கி நிமிர்கின்றது. அந்த வழுக்கலில்தான் இறப்பர் உரசிப் போகின்றது. பெட்டியில் பாரம் ஏற்றி வேகமாக ஓடினால் சூடும் சேர்ந்துகொள்ளும். சேற்றில் பல போகம் உழைக்கக்கூடிய ரயர் வீதி ஓட்டத்தில் வெகு சீக்கிரம் மொட்டையாவது இதனாலேயே.

பழைய ரயரைப் படிக்கும் முறை

ரயரைத் தரையில் நிறுத்தி, அது தரையைத் தொடும் அகலம் முழுவதையும் பாருங்கள். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கின்றது, அல்லது அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றப்பட்டிருக்கின்றது. நடு தேய்ந்து ஓரங்கள் மிஞ்சியிருந்தால் காற்றுக் கூட. ஒரு பக்கம் மாத்திரம் தேய்ந்திருந்தால் குற்றம் ரயரில் இல்லை. பெட்டியாயின் அச்சு வளைந்திருக்கும். பிக்அப் ஆயின் முன்சில்லுகளின் நேர் பிசகியிருக்கும். அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் சில்லைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பெயாரிங் ஆட்டம் தெரியும். வளைந்த அச்சில் புதிய ரயரைப் பூட்டுவது ஓட்டைச் சாக்கில் நெல் போடுவது போன்றது. முதலில் கராஜுக்குப் போய் அச்சை நிமிர்த்தி எடுங்கள். அதற்கான செலவு ஒரு ரயரின் விலையோடு பார்க்கையில் பெரிதல்ல.

லான்ட்மாஸ்டரில் இன்னுமொன்று உண்டு. இரண்டு சில்லிலும் காற்று ஒரே அளவாக இல்லாவிட்டால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் நாள் முழுவதும் கைப்பிடியால் அதைத் திருத்திக்கொண்டே இருப்பார். கை உளைவதுடன் ஒரு ரயர் மற்றதைவிட விரைவாகத் தேயும். வால்வு சரிந்து நின்றால், காற்றுக் குறைவினால் ரயரும் ரியூப்பும் றிம்மில் வழுக்குகின்றன என்று அர்த்தம். கவனியாது விட்டால் வால்வு அடியோடு அறுந்துவிடும்.

பெருவிரலால் அமத்திப் பார்ப்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் போதாது. காற்றளக்கும் கேஜ் ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தாவது வாங்கி வையுங்கள். காலையில், ஓடுவதற்கு முன் அளக்கவேண்டும். ஓடிய சூட்டில் இறாத்தல் கூடக் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால் ஆறியபின் ரயர் குறைகாற்றில் நிற்கும். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அடிக்கவேண்டிய அளவு அல்ல. அடிக்கவேண்டியது எவ்வளவு என்பது இயந்திரத்தின் கைநூலில் இருக்கும். உழும்போது சற்றுக் குறைவாகவும் வீதியில் பாரம் இழுக்கும்போது கூடுதலாகவும் இருப்பது நல்லது. ஒரு கைப்பம் பெட்டியில் கிடந்தால் இது பத்து நிமிட வேலை.

எந்த ரயர்?

லான்ட்மாஸ்டரில் வழக்கமாகக் காணப்படும் 6.00-12 என்ற அளவின் பொருள், ரயரின் அகலம் ஆறு அங்குலம், றிம்மின் விட்டம் பன்னிரண்டு அங்குலம் என்பதாகும். இதே அளவில் பல் உயர்ந்த ரயரும் உண்டு, பல் குட்டையான ரயரும் உண்டு. சேற்றுழவே முக்கியமானால் உயர்ந்த பல்லை எடுக்கவேண்டும். சேறடிப்புக்கு இரும்புச் சில்லுப் பூட்டுபவரும், ஆண்டின் பெரும்பகுதி விறகும் நெல்லும் தண்ணீரும் ஏற்றி ஓடுபவரும் உயர்ந்த பல்லுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. குட்டையான, நெருங்கிய பல் வீதியில் நின்றுபிடிக்கும்.

பூட்டும்போது திசையைப் பாருங்கள். இயந்திரத்தின் பின்னால் நின்று பார்த்தால் பற்களின் கூர் மேல்நோக்கி இருக்கவேண்டும். மாறிப் பூட்டினால் பள்ளங்களில் சேறு அடைந்து சில்லு வழுக்கும். அவசரத்தில் பஞ்சர் ஒட்டிப் பூட்டும் இடங்களில் இது சில வேளை தவறிவிடுகின்றது.

பெட்டியின் சில்லுக்குப் பலரும் கழித்த வான் ரயரைப் போடுகின்றனர். அதைக் குற்றம் சொல்லமாட்டோம். ஆனால் தாங்கும் பாரத்தைப் பார்த்துப் போடுங்கள். அளவை அடுத்து ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 90 என்ற எண் ஒரு ரயர் 600 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். 100 என்றால் 800 கிலோ. 65 கிலோ மூட்டை இருபது ஏற்றினால் 1,300 கிலோ. பெட்டியின் பாரம் வேறு. ஒரு பகுதியை இயந்திரம் தாங்கினாலும் 90 எண் ரயர் இரண்டுக்கு இது கூடுதலே. மெதுவாகப் போவதால் தப்பிவிடுகின்றது. ஆனால் மாரியில் உடைந்த கிரவல் வீதியில், தண்ணீர் மூடிய குழியொன்றில் விழும்போது ரயரின் பக்கம் வெடிக்கும்.

சங்கங்களும் சில குடும்பங்கள் கூட்டாகவும் வைத்திருக்கும் பிக்அப், ஜீப் வண்டிகளுக்கு மூன்று வகை ரயர்கள் கிடைக்கின்றன. எச்.ரி. என்பது தார் வீதிக்கானது. எம்.ரி. சேற்றுக்கானது. ஏ.ரி. எல்லாத் தரைக்கும் என்று சொல்லப்படுவது. உண்மையில் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஏ.ரி. ரயர் கிரவலிலும் ஈரத் தரையிலும் நன்றாகப் பிடிக்கும். தாரில் சத்தம் போடும், எச்.ரி.யைவிடச் சற்று விரைவாகத் தேயும், எரிபொருளும் கொஞ்சம் கூடக் குடிக்கும். குளக்கட்டாலும் வயற் பாதையாலும் மாரி முழுவதும் போய்வர வேண்டியவர்களுக்கு ஏ.ரி. பொருத்தம். மற்றவர்களுக்கு எச்.ரி. போதும். எம்.ரி. பார்வைக்கு மிடுக்காக இருக்கும். எமது வாசகர்களில் அது தேவைப்படுவோர் மிகச் சிலரே. நாலு சில்லும் இழுக்கும் வண்டியில் நாலு ரயரும் ஒரே அளவாகவும் ஏறத்தாழ ஒரே தேய்வாகவும் இருக்கவேண்டும். இல்லாவிடில் பல்லுச் சக்கரப் பெட்டி பழுதாகும். 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போட்டுவந்தால் தேய்வு சமமாகும்.

கழித்த ரயரும் டாக் ரயரும்

2020இல் ரயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தது. இவற்றின் பின் கழித்த ரயர் வாங்குவோர் தொகை பெருகியதில் வியப்பில்லை. வாங்கலாம், ஆனால் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்யப்பட்டது. மூன்று இலக்கம் மாத்திரம் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. எவ்வளவு மலிவாயினும் தொடவேண்டாம். பல் நிறைய இருந்தும் இறப்பர் கிழண்டு போயிருக்கலாம். பக்கத்தை விரலால் மடித்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். கறுப்பு மை பூசிப் பளபளப்பாக்கிய ரயரை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். உள்ளேயும் கை விட்டுத் தடவுங்கள். பெரிய ஒட்டு, நூல் தெரியும் வெட்டு, பொம்மிய இடம் என ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

விட்டுவந்த இயந்திரத்தை நீண்ட காலத்தின் பின் எடுக்கப் போகின்றவர்களுக்கும் இதுவே பொருந்தும். காற்றிறங்கி ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வெயில் காய்ந்த ரயர் மடிப்பில் வெடித்திருக்கும். காற்றடித்ததும் நின்றுவிடும், பாரம் ஏற்றினால் நிற்காது. இயந்திரத்தைக் கொஞ்சக் காலம் விட்டுப் போகவேண்டி வந்தால், அச்சின் கீழ் மரக்குற்றி வைத்துச் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, மேலே கிடுகு போட்டு மறைத்துவிட்டுப் போங்கள்.

டாக் போட்ட ரயர் பெட்டிக்கும் லொறியின் பின்சில்லுக்கும் நல்லதே, பழைய உடல் பழுதில்லாதிருந்தால். திருப்பும் முன்சில்லுக்கு வேண்டாம்.

உத்தரவாதம் எதற்கு, எதற்கில்லை

உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும், ரயர் எப்படிப் போனாலும் புதியது தருவார்கள் என்று நினைத்துவிடுகின்றோம். அது பொதுவாகச் செய்கையிலுள்ள குறைக்கு மாத்திரமே. பல் கழன்று வருதல், அடுக்குப் பிரிதல், பொம்முதல் போன்றவை அதில் அடங்கும். ஆணி குத்தியது, கல் வெட்டியது, காற்றில்லாமல் ஓடியது, பொருந்தாத றிம்மில் பூட்டியது, அச்சுப் பிழையால் தேய்ந்தது ஆகியவை அடங்கா. பழைய ரயரைப் படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பக்கம் தேய்ந்த ரயரைக் கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் காட்டுவது அந்தத் தேய்வையே.

ஏற்றுக்கொண்டாலும் முழுப் பணம் கிடைப்பதில்லை. மிஞ்சிய பல்லின் அளவுக்கே கழிவு தருவார்கள். ஒரு பேச்சுக்கு, புதிதில் பள்ளத்தின் ஆழம் 10 மில்லிமீற்றர். பள்ளத்துள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். பல் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் ரயர் முடிந்தது. ஆகவே பாவிக்கக்கூடியது 8.4 மில்லிமீற்றர். இப்போது 5.8 இருந்தால் சரிபாதி முடிந்துவிட்டது. ஏறத்தாழ அரைவிலையே கழியும். வாங்கிய அன்றே தீக்குச்சியைப் பள்ளத்தில் விட்டு அடையாளமிட்டு, பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளந்து எழுதி வைத்தால் பின்னர் வாக்குவாதம் இராது. சில ரயர்களில் "ரெட்வெயார் 400" என்று ஓர் எண் இருக்கும். அது 40,000 கிலோமீற்றர் என்ற உறுதியல்ல. 100 என்று வைத்த ஒப்பீட்டு ரயரோடு பார்த்துப் போட்ட எண் மாத்திரமே.

பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். ரயரின் அளவு, தொடர் இலக்கம், திகதி மூன்றும் அதில் எழுதப்படவேண்டும். குடும்ப அட்டையும் காணி உறுதியும் இருக்கும் பொலித்தீன் பையில் அதையும் வையுங்கள். வாயால் சொன்ன உத்தரவாதத்தை அதே சீட்டின் பின்புறம் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். சீட்டின் பிரதியை அனுப்பி மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பழுதான ரயரையும் அதுவரை எறிந்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகாதபடி ஒரு கூரையின் கீழ் வைத்தால் போதும்.